உருவம் துறந்த ஓவியம்

ஓவியம் என்றதும் மக்கள் மனக்கண் முன் எழுவது ஓர் உருவமே. மலையோ, மரமோ, மன்னனோ, மங்கையோ, ஏதேனும் ஒன்றன் வடிவைக் கோட்டாலும் வண்ணத்தாலும் அமைத்துக் காட்டுவோனையே உலகம் நெடுங்காலமாக ஓவியன் என்று போற்றி வந்தது. 'கண்டதைக் கண்டவாறே தீட்டியுள்ளான். உயிர் ஒன்றே குறை' என்பது அவன் பெறும் தலையாய பாராட்டு.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சியகத்தினுள் நுழைவோர், அங்குள்ள ஓவியம் ஒன்றன் முன் திகைத்து நிற்பது உண்டு. அவ்வோவியத்தின் நீளம் 17 அடிக்கு மேல்; உயரம் ஏறத்தாழ 9 அடி. கருமை, வெண்மை, பழுப்பு, நீலம் கலந்த சாம்பல் ஆகிய நிறங்கள் கோடுகளாகவும் துளிகளாகவும் திட்டுகளாகவும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து பின்னிக் கிடக்கின்றன. அதில் மனிதர் இல்லை, மரம் இல்லை, வானமும் நிலமும் இல்லை. மேற்புறம் எது, கீழ்ப்புறம் எது என்பதும் எளிதிற் புலப்படுவதில்லை. பெயரைப் பார்த்தேனும் பொருள் அறியலாம் என்று எண்ணினால், 'ஒன்று: எண் 31, 1950' என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. "இதனைச் சிறுபிள்ளையும் செய்துவிடுமே!" என்னும் சொல் அவ்விடத்தில் எழுவது இயல்பே.

இந்த ஐயம் அறியாமையாற் பிறந்தது என்று ஒதுக்கத் தக்கதன்று. அவ்வோவியம் தோன்றிய அமெரிக்க நாட்டிலேயே கற்றோரும், இதழாசிரியரும், சட்டமன்ற உறுப்பினரும் இதே ஐயத்தை எழுப்பினர். அதற்கு விடை காண வேண்டின், இத்தகைய ஓவியங்களைத் தீட்டினோர் யாவர், எக்காலத்தில், எம்முறையில், எதன்பொருட்டுத் தீட்டினர் என்பனவற்றை அறிதல் வேண்டும்.

புற உருவத்தை நீக்கி, வண்ணத்தையும் கோட்டையுமே கொண்டு உள்ளத்துணர்வைப் புலப்படுத்த முயலும் இவ்வோவிய நெறியை ஆங்கிலத்தில் 'அப்ஸ்டிராக்ட் எக்ஸ்பிரஷனிசம்' என்பர். தமிழில் இதனை 'அருவ வெளிப்பாட்டியம்' எனலாம். உருவம் இல்லாத ஓவியம் அமெரிக்காவில்தான் முதன்முதல் தோன்றியது என்று கருதுதல் பிழை. உருசிய நாட்டிற் பிறந்து செருமனியில் வாழ்ந்த காண்டின்ஸ்கி என்பார் 1910-ஆம் ஆண்டையொட்டியே இத்துறையிற் புகுந்துவிட்டார். ஆயினும், 1940-க்குப் பின் நியூயார்க்கில் வாழ்ந்த ஓவியர் சிலர் அதனை எவரும் எதிர்பாராத அளவிற்குப் பெரிதாக்கினர். 1946-இல் இராபர்ட் கோட்ஸ் என்னும் திறனாய்வாளர் அவர்தம் படைப்புகளைக் குறிக்க இப்பெயரை ஆண்டார். பெயர் நிலைத்தது, அதனை விரும்பாத ஓவியரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் ஓர் ஆசிரியரிடம் பயின்ற ஒரு சாலை மாணாக்கர் அல்லர். பொதுவிதி எதனையும் வகுத்துக்கொண்டவரும் அல்லர்.

அவர்களை ஒன்றுபடுத்தியது காலத்தின் கொடுமையே. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்க ஓவியர் பலர் உணவுக்கும் அலைந்தனர். 1935-இல் அரசு கூட்டாட்சிக் கலைத் திட்டம் ஒன்றை வகுத்து, ஓவியர்க்கு ஊதியம் அளித்து வேலை தந்தது. பின்னாளிற் புகழ்பெற்ற பலர் அவ்வூதியத்தால் உயிர் வாழ்ந்தவரே. அடுத்து, இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஐரோப்பியக் கலைஞர் பலர் கடல் கடந்து நியூயார்க்கிற் புகலிடம் தேடினர். அவர்களுள் ஒரு சாரார், அறிவின் தடையின்றிக் கையைத் தன் போக்கில் ஓடவிட்டால் அடிமனம் தானே பேசும் என்னும் கொள்கையினர். அக்கொள்கை இளைய அமெரிக்க ஓவியரைக் கவர்ந்தது. போர் முடிவதற்குள் வதைமுகாம்களின் கொடுமை வெளிப்பட்டது. 1945-இல் அணுகுண்டு வீழ்ந்தது. இத்தகைய உலகில் பூச்சாடியையும் பழத்தட்டையும் அழகுறத் தீட்டிக்கொண்டிருத்தல் எங்ஙனம் என்னும் வினா அவர்கள் நெஞ்சை அறுத்தது. அவர்களுள் ஒருவரான அர்ஷில் கார்க்கி, ஆர்மீனிய இனத்தார்க்கு நேர்ந்த பேரழிவிலிருந்து தப்பியவர். 1919-இல் தம் தாய் பசியால் இறக்கக் கண்டவர். அத்தகையோர் உள்ளத்தில் இருந்ததை வரைந்து காட்ட எந்த உருவம் ஈடாகும்?

முதலிற் கூறிய பேரோவியத்தைத் தீட்டியவர் ஜாக்சன் பொல்லாக். இவர் 1912-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28-ஆம் நாள் வயோமிங் மாநிலத்தைச் சேர்ந்த கோடி என்னும் ஊரிற் பிறந்தார். ஐந்து உடன்பிறந்தாருள் இளையவர். 1930-இல் நியூயார்க் சென்று, தாமஸ் ஹார்ட் பென்டன் என்பாரிடம் ஓவியம் பயின்றார். பென்டன் உழவரையும் தொழிலாளரையும் உருவமாகவே தீட்டியவர். ஆகவே, வரையத் தெரியாமையால் உருவத்தைக் கைவிட்டவர் பொல்லாக் என்பது பொருந்தாது. 1936-இல் மெக்சிகோ நாட்டு ஓவியர் சிக்கேரோஸ் நியூயார்க்கில் நடத்திய பயிற்சிக் கூடத்தில், வண்ணத்தை ஊற்றியும் தெளித்தும் பார்க்கும் முறைகளை அவர் கண்டார். 1941-இல், அமெரிக்கப் பழங்குடியினராகிய நவஹோ மக்கள் நிறமணலைக் கையாற் சிந்தித் தரையில் ஓவியம் அமைப்பதையும் கண்டார். இவை உடனே பயன் தந்தில. விதைபோல் உள்ளத்திற் கிடந்தன.

1943-இல் பெக்கி குகன்ஹைம் என்னும் கலைப்புரவலர் தம் இல்லத்து முன்கூடத்திற்காக 20 அடி நீள ஓவியம் ஒன்றைப் பொல்லாக்கிடம் வேண்டினார். 'சுவரோவியம்' என்னும் பெயருடைய அதனை அவர் ஒரே இரவில் தீட்டி முடித்தார் என்னும் கதை நெடுநாள் வழங்கியது. அண்மையில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கெட்டி நிறுவனத்தார் அவ்வோவியத்தைச் செப்பனிடுங்கால் நுணுகி ஆராய்ந்தனர். ஓரடுக்கு வண்ணம் உலர்ந்த பின்னரே அதன்மேல் மற்றோர் அடுக்கு இடப்பட்டிருப்பதைக் கண்டு, அது பல நாள் உழைப்பின் விளைவே என்று தெளிந்தனர். மேதையரைப் பற்றிய கதைகளில் உழைப்பு மறைந்து போவது இங்கு மட்டும் நிகழ்ந்ததன்று.

1945-இல் பொல்லாக் தம்மைப் போன்றே ஓவியராகிய லீ கிராஸ்னர் என்னும் அம்மையாரை மணந்து, நகரை விட்டு நீங்கி, லாங் தீவிலுள்ள ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரிற் குடிபுகுந்தார். வறுமை அவர்களை விடவில்லை. அவ்வூர் மளிகைக் கடைக்காரர் ஒருவர், கடனுக்கு ஈடாக ஓவியம் ஒன்றைப் பெற்றுக்கொண்டார். அவ்வீட்டின் புறத்தே பழைய மரக்கொட்டகை ஒன்று இருந்தது. அதுவே பொல்லாக்கின் ஓவியச்சாலை ஆயிற்று.

1947-இல் அக்கொட்டகையில் அவர் புதுமுறை ஒன்றைக் கையாளலானார். பெரிய கித்தான் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி நிறுத்தாமல் தரையில் விரித்தார். ஓவியர்க்கென விற்கும் விலையுயர்ந்த வண்ணத்தைப் பெரும்பாலும் விடுத்து, வீட்டுக் கதவிற்கும் சுவருக்கும் பூசும் எனாமல் வண்ணத்தை எடுத்தார். அது நீர்த்தது, இழைபோல் ஒழுக வல்லது. குச்சியையோ காய்ந்து விறைத்த தூரிகையையோ வண்ணத்தில் தோய்த்து, துணியைத் தொடாமல் அதற்கு மேலே கையை வீசினார். வண்ணம் காற்றில் இழையாக நீண்டு துணிமேல் வீழ்ந்தது. நாற்புறமும் சுற்றி நடந்தும், சிற்சில வேளை துணியின் மேலேயே கால் வைத்தும் அவர் பணி புரிந்தார். ஓவியன் ஓவியத்தின் எதிரே நிற்பவன் என்னும் பழைய நிலை மாறி, அதனுள்ளே இயங்குபவன் என்னும் நிலை பிறந்தது.

இம்முறையில் திறமைக்கு இடம் எங்கே என்று வினவலாம். வண்ணம் மிக நீர்த்திருப்பின் துணியிற் பரவிக் கறையாகும். தடித்திருப்பின் கட்டியாகி நிற்கும். கை விரைந்து சென்றால் கோடு மெலியும், தயங்கினால் தடிக்கும், நின்றால் குட்டையாகத் தேங்கும். கையின் உயரம், மணிக்கட்டின் திருப்பம், நடையின் வேகம் ஆகிய அனைத்தும் கோட்டில் பதியும். ஒருமுறை வீழ்ந்ததை அழித்தல் இயலாது. வண்ணத்தின் ஓட்டம் தம் ஆளுகைக்கு உட்பட்டதே என்றும், தம் ஓவியத்தில் தற்செயல் என்பது இல்லை என்றும் பொல்லாக் உறுதியாகக் கூறினார். 1950-இல் ஓர் இதழ் அவர் ஓவியங்களைக் குழப்பம் என்று குறித்தபோது, அதனை மறுத்து அவ்விதழுக்குத் தந்தியே அடித்தார். 1948-இல் தீட்டிய 'எண் 1ஏ' என்னும் ஓவியத்தின் மேல் ஓரத்தில் அவருடைய உள்ளங்கைப் பதிவுகள் காணப்படுகின்றன. பழைய ஓவியர் மூலையிற் கையொப்பம் இட்டனர். இவர் தம் கையையே பதித்து வைத்தார்.

'சிறுபிள்ளையும் செய்துவிடுமே' என்னும் கூற்றை ஆய்வுக்கு உட்படுத்தினோரும் உளர். 2011-இல் பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த உளநூல் ஆராய்ச்சியாளர் இருவர், பெயர்பெற்ற அருவ ஓவியங்களையும், சிறுவர், விலங்குகள் ஆகியோர் இட்ட வண்ணப்படங்களையும் இணையிணையாக வைத்து மாணவர்க்குக் காட்டினர். சில இணைகளில் பெயர்களை மாற்றியும் ஒட்டினர். எனினும், மாணவர் தேர்ந்தெடுத்தவற்றுள் ஓவியர்தம் படைப்புகளே பாதிக்கு மேற்பட்டன. வேறுபாடு மிகப் பெரிதன்று. ஆயினும், இல்லை என்று கூறத்தக்கதும் அன்று.

பொல்லாக்கின் வாழ்வு நெடிது நீளவில்லை. 1949-இல் 'லைஃப்' இதழ், அமெரிக்காவில் வாழும் ஓவியருள் இவர்தாம் தலைசிறந்தவரோ என்று வினவிக் கட்டுரை வெளியிட்டது. பலர் எள்ளி நகையாடினர். பெயர் மட்டும் நாடெங்கும் பரவியது. புகழ் வந்த விரைவில் அமைதி வரவில்லை. மதுப்பழக்கத்தை இரண்டாண்டு விலக்கி வைத்திருந்த காலத்திலேயே அவருடைய சிறந்த ஓவியங்கள் பிறந்தன. 1950-இன் இறுதியில் அப்பழக்கம் மீண்டும் அவரைப் பற்றியது. 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11-ஆம் நாள், அவர் மது அருந்தி ஓட்டிய கார் மரத்தில் மோதியது. அவரோடு மற்றோர் உயிரும் மாய்ந்தது. மறுவருடம் அவருடைய 'இலையுதிர்கால இசைவு' என்னும் ஓவியத்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் காட்சியகம் 30,000 டாலருக்கு வாங்கியது.

கிராஸ்னர் அம்மையாரின் ஓவியங்கள் நெடுங்காலம் கணவர் புகழின் நிழலில் மறைந்திருந்தன. கொட்டகை கணவர்க்கு உரியதாக இருந்தமையால், அவர் மாடியிலுள்ள சிறிய படுக்கையறையிற் சிறிய ஓவியங்களையே தீட்டி வந்தார். கணவர் மறைவுக்குப் பின் அக்கொட்டகை அவருடையதாயிற்று. இடம் விரிந்ததும் ஓவியமும் விரிந்தது. 1957-இல் அவர் தீட்டிய 'பருவங்கள்' ஏறத்தாழ 17 அடி நீளம் உடையது. துயரின் நடுவே செழுங்கொடிகளும் கனிகளும் போன்ற வடிவங்கள் அதில் பொங்கி எழுகின்றன. ஓவியக் கலையில் அறையின் அளவும் ஒரு நீதிதான் என்பது இதனால் விளங்கும்.

இந்நெறியினர் அனைவரும் வண்ணத்தை வீசியவர் அல்லர். ஆலந்து நாட்டினின்று கப்பலில் மறைந்து வந்த வில்லெம் டி கூனிங் பெண்ணுருவத்தை முற்றும் விடாமல், அதனைச் சிதைத்தும் திரும்பக் கூட்டியும் தீட்டினார். 'பெண் 1' என்னும் ஓர் ஓவியத்தோடு 1950 முதல் 1952 வரை போராடினார். பார்னெட் நியூமன் என்பார் பெரும் செந்நிறப் பரப்பில் மெல்லிய நெடுங்கோடுகள் சிலவற்றை மட்டும் நிறுத்தினார்.

இவர்களுள் அமைதியின் எல்லையைத் தொட்டவர் மார்க் ராத்கோ. அவர் 1903-இல், இன்று லாட்வியா நாட்டில் உள்ள ஊர் ஒன்றில் யூதக் குடும்பத்திற் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா சேர்ந்தார். அவருடைய ஓவியங்களில் இரண்டு அல்லது மூன்று பெரிய வண்ணக் கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கின்றன, வேறொன்றும் இல்லை. மிக மெல்லிய வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசியமையால், ஒளி உள்ளிருந்து வருவதுபோல் தோன்றும். கட்டங்களின் ஓரங்கள் மூடுபனிபோற் கலங்கியிருக்கும். காண்போர் ஒன்றரை அடித் தொலைவில் வந்து நின்று காணல் வேண்டும் என்பது அவர் விருப்பம். தம் ஓவியத்தின் முன் கண்ணீர் விடுவோர், தாம் அதனைத் தீட்டியபோது எய்திய உணர்வையே எய்துகின்றனர் என்றும் அவர் கருதினார்.

இக்கருத்தில் அவர் எவ்வளவு உறுதியுடையவர் என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். 1958-இல் நியூயார்க்கில் புதிதாக எழுந்த சீக்ராம் மாளிகையின் உணவகத்திற்கு ஓவியங்கள் தீட்டும் பணி அவருக்குக் கிட்டியது. ஊதியம் பெரிது. செந்நிறமும் கருஞ்சிவப்பும் கொண்ட ஏறத்தாழ முப்பது ஓவியங்களை அவர் தீட்டினார். 1959-இல் தம் மனைவியாரோடு அவ்வுணவகம் சென்று உணவருந்தினார். செல்வர் உண்டு களித்து உரையாடும் அவ்விடத்தில் தம் ஓவியங்கள் வெறும் சுவர் அணியாகவே நிற்கும் என்பதை உணர்ந்தார். பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்து, ஓவியங்களைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவற்றுள் ஒன்பதைப் பின்னர் இலண்டன் டேட் காட்சியகத்திற்கு வழங்கினார். அவை இலண்டன் சேர்ந்த நாளும் அவர் இறந்த நாளும் ஒன்றே. அது 1970-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 25-ஆம் நாள். அவர் தீட்டிய 14 ஓவியங்கள் சூழ அமைந்த எண்கோண வழிபாட்டகம் 1971-இல் ஹூஸ்டன் நகரில் திறக்கப்பட்டது. எச்சமயத்தாரும் அங்கு அமர்ந்து தியானம் செய்யலாம்.

இவ்வோவியங்கள் அரசியற் பூசலுக்கும் தப்பவில்லை. 1949-இல் டோண்டெரோ என்னும் அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினர், நவீனக் கலை பொதுவுடைமையரின் சூழ்ச்சி என்று முழங்கினார். அதே காலத்தில் சோவியத்து நாடோ, உருவமற்ற ஓவியத்தை முதலாளியத்தின் சீரழிவு என்று இகழ்ந்தது. இரு தரப்பாரும் வைத பொருள் ஒன்றே என்பது நகைப்பிற்கு உரியது. 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் 17 ஓவியர்தம் படைப்புகளை ஐரோப்பாவின் எட்டு நகரங்களுக்கு அனுப்பியது. அமெரிக்க உளவுத்துறை பண்பாட்டு அமைப்புகள் சிலவற்றிற்கு மறைவாகப் பணம் வழங்கிய செய்தி 1967-இல் முழுமையாக வெளிப்பட்டது. அதன்பின், இவ்வோவியங்களும் பனிப்போரில் படைக்கலமாகப் பயன்பட்டனவோ என்னும் வினாவை அறிஞர் எழுப்பலாயினர். ஓவியர் தீட்டியது அதற்காக அன்று. ஆயினும், படைத்தவன் கையை விட்டகன்ற பொருளைப் பிறர் எதற்கும் பயன்படுத்தக் கூடும்.

இந்நெறியின் செல்வாக்கு பல திசைகளிற் பரந்தது. ஹெலன் பிராங்கன்தாலர் என்னும் 23 வயது நங்கை, 1952-இல் தைலம் கலந்து நீர்த்த வண்ணத்தைப் பூச்சற்ற துணியில் ஊற்றி ஊறவிட்டு, 'மலைகளும் கடலும்' என்னும் ஓவியத்தைப் படைத்தார். அதனைக் கண்ட ஓவியர் சிலர் வழியே, துணியும் வண்ணமும் ஒன்றாகும் புதிய முறை வளர்ந்தது. சப்பான் நாட்டில் 1954-இல் தோன்றிய 'குதாய்' குழுவினர், பொல்லாக் காட்டிய வழியில் மேலும் ஓரடி வைத்தனர். அவர்களுள் கசுவோ சிராகா என்பார், கயிற்றைப் பற்றித் தொங்கிக்கொண்டு காலால் வண்ணத்தைத் தேய்த்துத் தீட்டினார். அக்குழுவினர் அனுப்பிய இதழ்கள் பொல்லாக்கின் நூல்களிடையே இருந்தன.

இந்தியாவிலும் இதன் தொடர்பைக் காணலாம். நாகபுரியில் 1924-இற் பிறந்த வா. சு. கைதொண்டே, நியூயார்க் செல்லும் முன்னரே உருவத்தை விடுத்துவிட்டவர். 1964-இல் ராக்கபெல்லர் உதவித்தொகை பெற்று அந்நகரம் சென்று, இவ்வோவியர்தம் படைப்புகளை நேரிற் கண்டார். ஆயினும், அவர் எவரையும் படியெடுத்தவர் அல்லர். உருளையாலும் தகட்டுக் கத்தியாலும் வண்ணத்தை இட்டும் வழித்தும், ஆண்டிற்குச் சில ஓவியங்களையே பொறுமையோடு படைத்தார். அவர் 2001-இல் மறைந்தார். 2014-இல் நியூயார்க் குகன்ஹைம் காட்சியகம் அவருடைய ஓவியங்களுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது.

ஆத்திரேலியாவில் பூசலே முந்தியது. 1973-இல் அந்நாட்டு அரசு பொல்லாக்கின் 'நீலக் கம்பங்கள்' என்னும் ஓவியத்தை 13 இலட்சம் ஆத்திரேலிய டாலருக்கு வாங்கியபோது, மக்கள் வரிப்பணம் பாழாயிற்று என்று இதழ்கள் ஆர்ப்பரித்தன. தலைமை அமைச்சர் விட்லம் அஞ்சினார் அல்லர். அவ்வாண்டு தாம் அனுப்பிய கிறித்துமசு வாழ்த்து மடலில் அவ்வோவியத்தையே அச்சிட்டார். இன்று அது கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் பலரும் தேடிச் சென்று காணும் பொருளாக உள்ளது.

ஸ்பிரிங்ஸ் ஊரின் மரக்கொட்டகை இன்றும் நிற்கிறது. 1953-இல் குளிர் தாங்குவதற்காகப் பொல்லாக் அதன் தரைமீது பலகை வேய்ந்தார். கிராஸ்னர் அம்மையார் 1984-இல் மறைந்த பின்னர், அவ்விடத்தைக் காட்சியகமாக்கும் பொருட்டு அப்பலகைகளைப் பெயர்த்தனர். அடியில் பழைய மரத்தரை அவ்வாறே இருந்தது. துணியின் ஓரங்களைக் கடந்து தெறித்த வண்ணத் துளிகளும், கோடுகளின் முனைகளும், அவர் நடந்த அடிச்சுவடுகளும் அதில் அழியாமற் கிடந்தன. காண வருவோர் தம் காலணியைக் கழற்றி, மெத்தென்ற மிதியடி அணிந்து அத்தரைமேல் நடக்கின்றனர். சுவரிலுள்ள ஒளிப்படங்களைப் பார்த்து, எந்தத் துளி எந்த ஓவியத்தினின்று சிந்தியது என்று குனிந்து தேடுகின்றனர்.